கேட்டுச் சொல்கிறேன்

அன்று காலை நான் அவரிடம் கடைசியாகப் பேசியது குளியலறை பல்பைப் பற்றி.

"வரும்போது ஒரு பல்பு வாங்கிட்டு வாங்க. குளியலறையில போயிடுச்சு" என்றேன்.

என் கணவர் ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் காலுறையுமாக வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டிக்கொண்டிருந்த லேஸை விட்டுவிட்டு நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"குளியலறையில பல்பு ஓய்வுல இருக்குன்னு சொல்றீங்க."

"ஆமா."

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமம் எனக்குப் புரியுது."

"புரிஞ்சா வாங்கிட்டு வாங்க. சின்னதா பார்த்து."

"சின்னதான்னு சொல்றீங்க."

கையில் இருந்த துண்டை அவர் மேல் எறிந்தேன். அதைப் பிடித்து நாலாக மடித்து நாற்காலிக் கைப்பிடியில் போட்டுவிட்டு, இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அப்போது மணி எட்டேகால். சாப்பாட்டு டப்பாவை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்ததை ஒன்பது மணிக்குத்தான் கவனித்தேன்.

எப்போதும் இப்படிப் பேசுகிறவர் இல்லை அவர். வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கிற வேலை. இருபத்திரண்டு வருடம், ஒரே கம்பெனி. வேலை சுத்தம், வாய் மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மூடியைக் கழற்றி அரை நிமிடம் பார்ப்பார், தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஓடும் என்றால் ஓடும். செத்துப்போச்சு என்றால் செத்துப்போச்சு. அதற்கு மேல் அந்த மெஷினைப் பற்றிப் பேச அவருக்கும் ஒன்றும் இருக்காது, மெஷினுக்கும் இருக்காது.

அந்த வாய்க்கு வினை ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் வந்தது. அந்த வீட்டில் இரண்டு ஃப்ரிட்ஜ். சமையலறையில் சின்னது ஒன்று. நடையில் ஆளுயரத்துக்குப் பழையது ஒன்று. அதன் பக்கவாட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால் அந்த வீட்டுப் பெரியவர், எண்பது வயதுக்காரர், நாள் முழுக்க அதை ஒட்டியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். பழுது என்று கம்பெனிக்குச் சொன்னது வெளியூரில் இருக்கும் மகள். பார்த்து முடித்ததும் இவர் அந்த மகளுக்குப் போன் செய்தார்.

"பார்த்துட்டேம்மா. சிறுசு நல்லா இருக்கு. பெருசுதான் செத்துப்போச்சு."

எதிர்ப்பக்கத்திலிருந்து "எப்ப?" என்று ஒரு சின்னக் குரல்.

"ராத்திரியே போயிருக்கும்போல. ஆளுங்களை வரச்சொல்லி இன்னிக்கே கீழ இறக்கிடுங்கம்மா. வச்சிருந்தா நாத்தம் எடுக்கும்."

"ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?"

சிலருக்கு இப்படி ஃப்ரிட்ஜ் மேல் பாசம் இருக்கும், அந்த மாதிரி பெண் போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார். மனம் இளகி, "ரெண்டு நாளா உறுமிட்டே இருந்துச்சாம். வயசும் ஆச்சில்ல. நல்ல சாவும்மா, விடுங்க" என்று ஆறுதலும் சொன்னார்.

மறுநாள் காலையில் ஒரு வேனில் பதினொரு பேர் மலர்வளையத்தோடு வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தது அந்தப் பெரியவர். வளையத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்டாராம்.

மகள் கம்பெனிக்கு எழுதிய புகார் நாலு பக்கம். இவர் அதைப் படித்துவிட்டு வீட்டில் ஒரு வாரம் வாதாடினார். "ஆளா இருந்தா 'செத்துட்டாரு'ன்னு சொல்லியிருப்பேனே. பெத்த அப்பாவை எவனோ ஒருத்தன் 'போச்சு'ன்னு சொல்றான், அப்பவே அந்தப் பொண்ணுக்குச் சந்தேகம் வர வேணாமா?"

நான் ஒரு அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறவள். வினைமுற்றைப் பொறுத்தவரை நியாயம் அவர் பக்கம்தான் என்று எனக்குத் தெரியும். "ஆனா 'பெருசு'ங்கிறது உயர்திணையா அஃறிணையான்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றேன். அத்தோடு விவாதம் முடிந்தது.

கம்பெனியில் முடியவில்லை. வாடிக்கையாளர்கள் கொடுக்கும் நட்சத்திரங்களைக் கூட்டிப் பார்த்ததில் கடைசி இடத்தில் இவர் இருந்தார். இவருக்கு ஒரு படி மேலே ரேடியோ. ரேடியோ என்பது இவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஆள். வாய் ஓயாது. ஒரு வீட்டுக்கு தண்ணீர் வெளியேற்றும் பைப் மாற்றப் போய், அந்த வீட்டுக்காரர் தூங்கிப் போகும்வரை பேசியவர் என்று பேர். ஒருவர் அளவுக்குக் குறைவாகப் பேசுகிறார், இன்னொருவர் அளவுக்கு மீறிப் பேசுகிறார் என்று இரண்டு பேரையும் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் நட்சத்திரம் ஏறாவிட்டால் கிடங்கில் உட்கார்ந்து பெட்டி எண்ண வேண்டும். அது இவரை உலுக்கிவிட்டது. வீட்டு வேலையே பாதி செய்யத் தெரியாத மனிதர், ஆனால் அடுத்தவர் வீட்டுப் பின்கட்டுக்குள் நுழைந்து தரையில் உட்காராமல் அவரால் ஒரு நாள் இருக்க முடியாது.

பயிற்சி கிடங்குக்கு மேலே இருந்த அறையில் நடந்தது. நடத்தியவர், யார் என்ன சொன்னாலும், "ஆஹா" என்பாராம். அதனால் ஆஹா சார். "எனக்கு ஒன்னுக்கு வருது சார்னு சொன்னேன். அதுக்கும் ஆஹாங்கிறாரு" என்றார் இவர். ஆஹா சாரின் வித்தை மூன்று படி. முதலில் கேள். அடுத்து, கேட்டதை அவர்களுக்கே திருப்பிச் சொல். கடைசியில் தெம்பு கொடு. கூடவே சட்டைப்பையில் வைத்துக்கொள்ள மஞ்சள் அட்டை ஒன்று. அதில் இடப் பக்கம் சொல்லக்கூடாத வார்த்தைகள், வலப் பக்கம் அவற்றுக்குப் பதில். செத்துப்போச்சு என்பதற்கு, ஓய்வில் உள்ளது. முடியாது என்பதற்கு, வேறு வழி பார்ப்போம். இல்லை என்ற சொல் எந்த ரூபத்திலும் வாயில் வரக் கூடாது. தெரியாது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டால் அதை விழுங்கிவிட்டு, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் வாடிக்கையாளர் நான்தான்.

"ஏங்க, என் கண்ணாடியைப் பார்த்தீங்களா?"

"கேட்டுச் சொல்றேன்."

"யார்கிட்ட கேட்டு?"

"யார்கிட்டன்னு கேக்குறீங்க."

"இருக்கிறது நாம ரெண்டு பேர்தான்."

"ரெண்டு பேர்தான்னு சொல்றீங்க. கவலைப்படாதீங்க, ஏழு வேலை நாளுக்குள்ள சரியாயிடும்."

கண்ணாடி என் தலை மேல்தான் இருந்தது. அது அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இந்தக் கூத்து பலித்தது என்பதுதான் வேடிக்கை. மூன்றே மாதத்தில் நட்சத்திரம் மளமளவென்று ஏறிவிட்டது. ஒரு வீட்டில் அடியோடு கருகிப்போன மோட்டாரைப் பார்த்து, "ஓய்வில் உள்ளது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த வீட்டம்மா அதற்கு ஓய்வு கொடுத்து, உள்ளே இருந்த துணியைக்கூட எடுக்காமல், ஒரு மாதம் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டார். இவரும் மாறித்தான் போனார். திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் காதில் வாங்க வேண்டுமே. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் சொன்ன வாக்கியங்களை அவர் முழுசாகக் கேட்டது அந்த ஐந்து மாதத்தில்தான். எரிச்சல்பட்டேன், துண்டை எறிந்தேன். ஆனால் சில நாள் வேண்டுமென்றே நீளமாகப் பேசினேன்.

ரேடியோதான் அடியோடு மாறிவிட்டார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொந்தப் பேச்சை விட்டுவிட்டு அட்டையை மட்டும் பேச ஆரம்பித்தார். டீக்கடையில்கூட, "சர்க்கரை கம்மின்னு சொல்றீங்க" என்பாராம். அவருடைய மனைவி என்னிடம், "அக்கா, வீட்ல ரேடியோ நின்னு போச்சு. தலைப்புச் செய்தி மட்டும்தான் வருது" என்றாள்.

அன்று நான் ஒரு விதைக் கம்பெனியின் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தேன். முள்ளங்கி வரை வந்திருந்தேன். பன்னிரண்டே பத்துக்குப் போன் வந்தது.

"வணக்கம் அண்ணி. பேச இது உங்களுக்கு வசதியான நேரமா?" ரேடியோவின் குரல்.

"சொல்லுங்க."

"அண்ணன் சம்பந்தமா ஒரு தகவல். அண்ணன் தற்சமயம் ஓய்வுல இருக்காரு."

"வேலை நேரத்துலயா?"

"வேலை நேரத்துலயான்னு கேக்குறீங்க." பிறகு கொஞ்சம் மூச்சுச் சத்தம். "வாடிக்கையாளர் வீட்லதான் இருக்காரு அண்ணி. தேவையான எல்லா ஏற்பாடும் நடந்துட்டிருக்கு."

எனக்கு உள்ளூரச் சிரிப்பு. மேசை மேல் டப்பா கண்ணில் பட்டது. பசியில் தலை சுற்றி எங்கேயோ சாய்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். "டப்பாவை மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு. ஏதாவது சாப்பிட்டாரா?"

"கேட்டுச் சொல்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு ரேடியோ போனை வைத்தார்.

கேட்டுச் சொல்வார் என்று காத்திருந்தேன். பிறகு மறுபடி அட்டவணையை எடுத்துக்கொண்டேன். இரண்டு மணிக்கு வாசலில் கம்பெனி வேன் வந்து நின்றபோது வெண்டையை முடித்திருந்தேன். ரேடியோ வாசலில் நின்று, "உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும் அண்ணி" என்றார். சரி, அவருக்குப் பசிக்குமே என்று டப்பாவை எடுத்துக்கொண்டு ஏறினேன். ஆஸ்பத்திரியில் அவர்கள் துணியை விலக்கிக் காட்டியபோதும் அது என் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நேரம் இரண்டு இருபது என்று போட்டிருந்தது. கவுன்டரில் கேட்டேன். அது டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட நேரம் என்றார்கள். அதற்கு முன்னால்?

"அதுக்கு முன்னாலன்னு கேக்குறீங்க" என்றது கவுன்டர். நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண்ணின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அதே மஞ்சள் அட்டை. ஆஹா சார் அங்கேயும் போயிருக்கிறார். உடலை ஒப்படைத்த பிறகு ஒரு தாளையும் நீட்டினார்கள். எங்கள் சேவையை நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டிருந்தது.

நாலாம் நாள் கம்பெனி மேலாளர் வீட்டுக்கு வந்தார். என் அக்கா வந்து என்னோடு தங்கியிருந்தாள். மேலாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தார். முதல் படி. நான் எதுவும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததைத் திருப்பிச் சொல்ல முடியாமல் தவித்தார்.

கடைசியில், "உங்க கணவர் இறந்துட்டாருன்னு சொல்றீங்க" என்றார்.

"நாங்க எங்க சொன்னோம்? அதைச் சொல்லத்தான் நீங்க வந்திருக்கீங்கன்னு நெனைச்சோம்" என்றாள் அக்கா.

"உங்க கோபம் புரியுது."

"புரிஞ்சு?"

"ஏழு வேலை நாளுக்குள்ள நிலைமை சீராயிடும்மா."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எட்டாவது நாள் எழுந்து வரலைன்னா எந்த நம்பருக்குப் போன் பண்ணணும்?"

மேலாளர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்துகொண்டார்.

அந்த வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோ "கேட்டுச் சொல்றேன்" என்றாரே, அது அட்டையா, நிஜமா? அட்டை என்றால் எல்லாம் அப்போதே முடிந்திருக்கிறது. நிஜமாகவே அவரிடம் கேட்கப் போனார் என்றால், பன்னிரண்டே பத்துக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடிய நிலையில் அவர் இருந்திருக்கிறார். ஒரு தெரியாத வீட்டுப் பின்கட்டில் கிடந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் முள்ளங்கியிலிருந்து வெண்டைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரம் யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ரேடியோவிடம் மூன்று முறை கேட்டேன். முதல் முறை, "எப்ப உயிர் போச்சுன்னு கேக்குறீங்க" என்று சொல்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை, உங்கள் சிரமம் புரிகிறது என்றார். மூன்றாவது முறை நான் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு எதிர் நடைபாதைக்குப் போய்விட்டார்.

"அவனைப் பிடிச்சு நாலு அறை விட்டா தானா பாடும்" என்றாள் அக்கா.

"அடிச்சா, 'அடிச்சீங்கன்னு சொல்றீங்க'ம்பாரு."

அக்கா சிரித்தாள். பிறகு அழுதாள். நான் தட்டுகளைக் கழுவப் போனேன்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் கம்பெனியிலிருந்து என்னை அழைத்தார்கள். அவருடைய அலுவலகக் கைபேசி என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். கம்பெனிக் கவுன்டரில் இருந்த பெண் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் பெயருக்கு எதிரே பச்சை எழுத்தில் இருந்தது: "தொழில்நுட்பர் வாடிக்கையாளர் இல்லத்தில் பணியில் உள்ளார்."

"இன்னுமா?" என்றேன்.

"இன்னுமான்னு கேக்குறீங்க" என்று ஆரம்பித்தவள், அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆமாக்கா. அவரே முடிஞ்சதுன்னு அழுத்தினாத்தான் போகும். அந்த வாடிக்கையாளர் ஒம்பது தடவை போன் பண்ணிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் எங்க ஆள் உங்க வீட்லதான் இருக்காருன்னு பதில் போகுது. வேற ஆளை அனுப்பக் கம்ப்யூட்டர் விடமாட்டேங்குது."

மேலாளர் வந்தார். முடிந்தது என்பதை என் கணவருடைய கைபேசியில்தான் அழுத்த வேண்டும், அதுவும் அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டுதான் அழுத்த வேண்டும், வாடிக்கையாளர் நட்சத்திரமும் கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். நான் ஒரு முறை அங்கே போய் வர முடியுமா என்று கேட்டார்.

"ரேடியோ கூட வந்தா போறேன்" என்றேன்.

மேலாளர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, சரி என்றார்.

அந்த வீடு மூன்றாவது மாடி. வேனிலும் படிக்கட்டிலும் ரேடியோ வாயைத் திறக்கவில்லை. கருவிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி எனக்கு நாலு படி பின்னால் வந்தார். கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய ஈர முடி, அகன்ற தோள். நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். குளத்தின் அந்தக் கரையில் இருப்பவர்களோடு பேசிப் பேசி, பக்கத்தில் நிற்பவரிடமும் அதே உரத்த குரல்.

"அவரோட வீட்டம்மாவா? உள்ள வாங்க. ரெண்டு மாசமா அவர் இங்கதான் இருக்காருன்னு சொல்றாங்க உங்க ஆபீஸ்ல. என் வீட்டுக்காரரே இவ்வளவு நாள் சேர்ந்தாப்ல வீட்ல இருந்ததில்ல" என்றார். சொன்ன பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தப்பாகத் தோன்றவில்லை.

வாஷிங் மெஷின் சமையலறைக்குப் பின்னால் ஒடுக்கமான இடத்தில் இருந்தது. சுவரிலிருந்து இழுத்துப் போட்டபடி, பின்பக்க மூடி கழற்றியபடி அப்படியே இருந்தது. கொடியில் வரிசையாக நீலத் துண்டுகள். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு இடம்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். முன்னுரை எதுவும் என்னிடம் இல்லை.

"பதினொன்னு நாப்பத்தாறு" என்றார் அந்த அம்மாள். கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் பிடித்துக் காட்டினார். "யாராவது மூச்சு வாங்கினா உடனே இதை அமுக்குற பழக்கம் எனக்கு. வேலை பார்க்குற சத்தம் நின்னுச்சேன்னு எட்டிப் பார்த்தேன். சுவத்துல சாஞ்சிருந்தாரு. நாடி இல்ல. வெளியே இழுத்துப் போட்டு நெஞ்சை அமுக்கினேன். எட்டு நிமிஷம். வண்டி வந்து அவங்களும் பார்த்தாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். குளத்துல ரெண்டு பேரைப் பார்த்திருக்கேன்."

"வலிச்சிருக்குமா?"

"எனக்குத் தெரியாதும்மா. முகத்துல அப்படி ஒன்னும் தெரியல. சட்டுன்னு நடந்துச்சு. நான் பார்த்தது அவ்வளவுதான்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒருவர் என்னிடம் தெரியாது என்று சொன்னார். கொஞ்சம் உட்கார வேண்டும் போலிருந்தது. அந்த அம்மாள் ஒரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டார்.

"கடைசியா என்ன பேசினாரு?"

"நான் மெஷின் நடக்குதுன்னு சொன்னேன். பிழியும்போது நடந்து வெளியே வந்துரும், அதான் கம்ப்ளெய்ன்ட். அவர் என் முகத்தைப் பார்த்து, 'மெஷின் நடக்குதுன்னு சொல்றீங்க'ன்னாரு. ஆமாங்க, நடக்குதுன்னேன். 'எங்க போகுது'ன்னு கேட்டாரு. வாசப்பக்கம்னேன். அதுக்கு அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சிட்டேதான் பின்னாடி போய் உக்காந்தாரு."

எங்கே போகிறது என்பது அட்டையில் இல்லாத கேள்வி. அதை அவராகக் கேட்டிருக்கிறார்.

நான் ரேடியோவின் பக்கம் திரும்பினேன். வாசற்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தார்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"எப்ப வந்தீங்கன்னு…" என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள், "உங்களைத்தான் கேக்குறாங்க. எனக்கு எதுக்குத் திருப்பிச் சொல்றீங்க?" என்றார் குளத்துக் குரலில்.

ரேடியோ சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்திருந்தது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். இடப் பத்தியையும் வலப் பத்தியையும் விரல் வைத்து மேலிருந்து கீழே வரை தேடினார். நாங்கள் இரண்டு பேரும் பொறுமையாக இருந்தோம். பிறகு அட்டையைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பன்னெண்டுக்கு அண்ணி. ரெண்டு தெரு தள்ளி வேலையில இருந்தேன். அண்ணனோட போன்ல என் நம்பர்தான் மேல இருந்துச்சுன்னு இந்தம்மா கூப்பிட்டாங்க. ஓடி வந்தேன்."

"எனக்குப் போன் பண்ணீங்க. சாப்பிட்டாரான்னு கேட்டேன். கேட்டுச் சொல்றேன்னீங்க. யாரைக் கேக்கப் போனீங்க?"

"யாரையும் இல்ல அண்ணி. யாரும் இல்ல கேக்கறதுக்கு. நான் வரும்போதே உயிர் இல்ல. அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன். மனசுல நாலு தடவை சொல்லிப் பார்த்துட்டுத்தான் பண்ணேன். நீங்க சாப்பிட்டாரான்னு கேட்டுட்டீங்க. அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. தெரியலைன்னா என்ன சொல்லணும்னு எனக்குப் பழக்கிட்டாங்கல்ல, அது வந்துடுச்சு. போனை வச்சிட்டேன். மறுபடி பண்ண முடியல. முடியலைன்னா முடியல அண்ணி, எதுத்தாப்ல வர முடியல, உங்க தெருப்பக்கமே வர முடியல, சோறு இறங்கல, எம் பொண்டாட்டி கேட்டா அவகிட்டயும் சொல்ல முடியல…"

அதன் பிறகு நிறுத்தவே இல்லை. இல்லையும் முடியாததும் தெரியாததுமாக ஏழு மாதத்துப் பேச்சும் ஒன்றாகக் கொட்டியது. இருபத்திரண்டு வருடத்துக் கதை அத்தனையும் வந்தது. முதல் நாள் வேலைக்கு இரண்டு பேரும் ஒரே ஸ்க்ரூடிரைவரோடு போனது, ஒரு வீட்டு நாய் ரேடியோவைத் துரத்தியபோது என் கணவர் ஃப்ரிட்ஜுக்குள் ஏறி நின்றது, எல்லாம். பேசிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். பேசிக்கொண்டே மெஷினுக்குப் பின்னால் நகர்ந்து போய், கருவிப் பையைத் திறந்து வேலையை ஆரம்பித்தார். டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வதில் பாதிதான் காதில் விழுந்தது. பதினொன்று நாற்பத்தாறு என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். மிளகாயா, முருங்கையா, நினைவில்லை. அது எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று அப்போது தோன்றியது.

அந்த அம்மாள் டீ கொண்டுவந்தார். ரேடியோ ஆட்டத்தைத் தாங்குகிற டேம்பர் ஒன்றை மாற்றினார், நாலு கால்களையும் மட்டம் பார்த்துத் திருகினார், மூடியை மாட்டினார். நான் கைபேசியை எடுத்து, முடிந்தது என்ற இடத்தில் அழுத்தினேன். நட்சத்திரம் கேட்டது.

"எத்தனை போடணும்?" என்றார் அந்த அம்மாள்.

"உங்க இஷ்டம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, நாலு போட்டார். "மெஷினை இன்னும் ஓட்டிப் பார்க்கலையே. அதான் ஒன்னைக் குறைச்சேன்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. திரையில் என் கணவர் பெயருக்கு எதிரே இருந்த பச்சை எழுத்து போய்விட்டது.

ரேடியோ இப்போது பழையபடி பேசுகிறார். நட்சத்திரம் இறங்கிவிட்டது, கிடங்கில் பெட்டி எண்ணுகிறார், பெட்டிகளோடும் பேசுகிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு வீட்டுக்கு வந்து, அக்கா கொட்டாவி விடும்வரை இருந்துவிட்டுப் போகிறார். போன வாரம் வந்தபோது, அந்த நீச்சல்காரம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். சொந்த நேரத்தில் நாலு முறை போய்ப் பார்த்துவிட்டாராம். ஸ்பிரிங் மாற்றியாகிவிட்டது, காலுக்கு அடியில் ரப்பர் வைத்தாகிவிட்டது, தரை மட்டமும் பார்த்தாகிவிட்டது.

"ஏன்னு தெரியல அண்ணி" என்றார்.

துண்டுகளைப் பிழிய ஆரம்பித்ததும் அந்த மெஷின் இன்னும் சுவரை விட்டுக் கிளம்பி, வாசல் பக்கமாக ஒரு சாண் நடந்து வந்து நிற்கிறது.